எலவனாசூர்கோட்டைப் பிள்ளைக்கு விமானப் படை எவ்வளவு தூரம்?

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளம் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளையர் அரசு போட்டது. சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு என்று அந்தக் காலத்தில் தமிழகத்தில் போடப்பட்ட பல ஓடுதளங்களைப் போல, போர் முடிந்ததும் இதற்கும் வேலை முடிந்தது. பிற்பாடு, சிறு நகரங்களுக்கு விமானச் சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டப் பட்டியலில் உளுந்தூர்பேட்டையின் பெயர் ஏறியது. எலவனாசூர்கோட்டையில் பேருந்து ஏறினால் அரை மணி நேரத்தில் அங்கே போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் ஓடுதளம் இருந்தும், இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ராணுவ விமானி என்பவர் சினிமாவிலும் குடியரசு தின அணிவகுப்பிலும் மட்டும் வந்துபோகும் ஆள்.

நம் மாவட்டமான கள்ளக்குறிச்சியைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று வரைபடத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். தாம்பரத்தில் இருப்பது விமானப் பயிற்றுநர் பள்ளி. 1948-இல் அம்பாலாவில் தொடங்கி 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள், அதைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று படிக்கும் இடம் அது. தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல் படை ஆகியவற்றிலிருந்தும் நட்பு நாடுகளிலிருந்தும் அங்கே வருகிறார்கள். அரக்கோணத்தில் 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்த ஐ.என்.எஸ். ராஜாளியில்தான் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் உருவாகிறார்கள். தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவு நிற்கிறது. சூலூரில் தேஜஸ் போர் விமானங்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம். கோவையில் விமானப் படை நிர்வாகக் கல்லூரி. நாட்டின் ராணுவப் பறப்புக் கல்விக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கும் மாநிலத்தில், அந்தக் கல்விக்குள் நுழையும் வழி ஓர் அரசுப் பள்ளி மாணவருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

திறமை எங்கும் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் குறைவது செய்தி. அதைவிட முக்கியம், செய்தி வந்துசேரும் நேரம். ராணுவ விமானி ஆவதற்கான ஒவ்வொரு கதவும் ஒரு குறிப்பிட்ட வயதில் திறந்து, ஒரு குறிப்பிட்ட வயதில் மூடிவிடும். நம் ஊருக்குச் செய்தி வரும்போது பெரும்பாலும் கதவு மூடியிருக்கிறது.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. அப்படிப்பட்ட ஊர்களில் எந்தப் பையனும் ராணுவத்தில் சேரும் வழியைத் தேடி அலைவதில்லை. விடுப்பில் வரும் மாமாவும் சித்தப்பாவும் திண்ணையில் உட்கார்ந்தே சொல்லிவிடுகிறார்கள். 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 பைசனில் பறந்து, பாகிஸ்தானிடம் பிடிபட்டு, தலை நிமிர்ந்து திரும்பிய அபிநந்தன் வர்த்தமானின் தந்தை ஏர் மார்ஷல். அந்த வீட்டில் இந்தத் தொழிலின் நெளிவு சுளிவுகள் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அதனால் அபிநந்தனின் வீரம் ஒரு துளியும் குறையாது. ஆனால் அந்தப் பேச்சு நடக்காத வீட்டுப் பிள்ளைக்கு அதை யார் சொல்வது என்று கேட்கத்தான் வேண்டும். நம் மாவட்டத்துக் கல்வராயன் மலையின் எந்தச் சிற்றூருக்கும் மரம் வெட்டக் கூட்டிப்போகும் தரகர் வழி தெரிந்து வந்துவிடுகிறார். தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஒருவரும் வருவதில்லை.

எந்த காலேஜ் சார்?

பிளஸ் டூ மாணவர்களிடம் பேசும்போது தவறாமல் வரும் கேள்வி இது: “சார், பைலட் ஆவணும்னா எந்த காலேஜ்ல சேரணும்? எவ்ளோ ஆவும்?” கூடவே பின்வரிசையில் இருந்து ஒரு குரல் பதிலும் சொல்லிவிடும்: “அதுக்கெல்லாம் அம்பது லட்சம் ஆவும்டா.” பயணிகள் விமானம் ஓட்டும் உரிமத்துக்கு அந்தக் குரல் சொல்வது ஏறக்குறைய சரி. 200 மணி நேரம் பறந்தால்தான் அந்த உரிமம். அதற்கான செலவு அரைக் கோடியைத் தாண்டிவிடும். கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம் நிலத்தை விற்றாலும் போதாது.

ராணுவ விமானிக்கு இந்தக் கணக்கே வேறு. புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமியில் மூன்றாண்டுப் படிப்பு, தங்குமிடம், உணவு, சீருடை எல்லாம் அரசுச் செலவு. கைச்செலவுக்குப் பெற்றோர் அனுப்பும் சிறு தொகைதான் குடும்பத்தின் பங்கு. அடுத்து ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் விமானப் படை அகாடமி. அங்கே பயிற்சியின் கடைசி ஆண்டில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. ஃப்ளையிங் ஆபீசராகப் பதவியேற்றால் அதுவே அடிப்படைச் சம்பளம். அதன்மேல் ராணுவப் பணி ஊதியம் 15,500, பறப்புப் படி 25,000, அகவிலைப்படி முதலியவை. ஐம்பது லட்சம் கொடுத்துக் கற்க வேண்டியதை அரசு சம்பளம் கொடுத்துக் கற்றுத்தருகிறது. இந்த ஒரு தகவல் மட்டும் ஒன்பதாம் வகுப்பு அறைக்குள் போனால், எத்தனையோ வீடுகளில் பேச்சின் திசை மாறிவிடும்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘ஏவியேஷன்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதி வைத்து, விமான நிலையச் சேவைப் பட்டயங்களை விற்கும் நிறுவனங்கள் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டன. அந்தப் படிப்பில் சில வேலைகள் கிடைக்கலாம். விமானியின் இருக்கை கிடைக்காது. ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரிங் படித்தால் பைலட் ஆகலாம் என்று நம்பிச் சேர்கிறவர்களும் நிறைய. அது விமானத்தை வடிவமைக்கும், பராமரிக்கும் படிப்பு. பொறியியல் பட்டம் எந்தப் பிரிவாக இருந்தாலும் விமானப் படைத் தேர்வுக்கு ஒன்றுதான். எந்தத் தனியார் நிறுவனமும் அகாடமியில் இடம் வாங்கித்தர முடியாது. யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் அதுவும் கிடையாது.

கதவுகளும் வயதுகளும்

முதல் கதவு பத்து வயதில் திறக்கிறது. உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளி, பாதுகாப்பு அகாடமிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவதற்காகவே உள்ள பள்ளி. ஆறாம் வகுப்பில் சேர 10 முதல் 12 வயதுக்குள் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. பெண் பிள்ளைகளையும் இப்போது சேர்க்கிறார்கள். கட்டணம் அதிகம்தான்; வருமானத்துக்கு ஏற்ற உதவித்தொகையும் இருக்கிறது.

இதை நிதானமாக யோசிக்க வேண்டும். பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வில் எந்த ஒதுக்கீடும் கிடையாது. ராணுவ அதிகாரி ஆகும் பாதை முழுவதிலும் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையின் மலையாளிப் பழங்குடிக் குழந்தைக்கு ஒதுக்கீடும் தாய்மொழியும் சேர்ந்து கை கொடுக்கும் இடம் இந்த ஆறாம் வகுப்புச் சேர்க்கை ஒன்றுதான். அந்தக் குழந்தை அப்போது ஐந்தாம் வகுப்பில், உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கிறது. அந்தப் பள்ளியின் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் இதுவரை எதிர்பார்த்ததே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு முறை சேரலாம். ஆனால் அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதோடு அந்தக் கதவு பாதி சாத்தப்பட்டுவிடுகிறது.

அடுத்த கதவை மூடுவது நாமே. பத்தாம் வகுப்பு முடிந்து பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்று முடிவாகும் ஜூன் மாதம் அது. விமானப் படைக்கும் கடற்படைக்கும் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். கணக்கு வராது என்று தூய அறிவியல் பிரிவுக்கோ, வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் இருக்கிறது என்பதற்காகவே வணிகவியலுக்கோ போகிற பிள்ளைக்கு அன்றே வானம் அடைபட்டுவிடுகிறது. பெண் பிள்ளைகளிடம் இது கூடுதலாக நடக்கிறது. “பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு எதுக்கு, நர்சிங் போவட்டும்” என்று தீர்த்துவிடுகிறார்கள். நர்சிங் உயர்ந்த பணி. அந்தப் பிள்ளையே விரும்பிப் போனால் மகிழ்ச்சி. தெரியாமல் போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

மூன்றாவது கதவு பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வயது வரை. ஏப்ரலிலும் செப்டம்பரிலும் என ஆண்டுக்கு இரண்டு முறை பாதுகாப்பு அகாடமித் தேர்வு. பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொது அறிவுத் திறன் தாளுக்கு 600. இதைத் தவறவிட்டவர்களுக்குப் பட்டப் படிப்புக்குப் பிறகு 20 முதல் 24 வயதுக்குள் ஏ.எஃப்.கேட் என்ற விமானப் படைத் தேர்வு இருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் ‘சி’ சான்றிதழ் வாங்கியவர்களுக்குத் தனி வழியும் உண்டு. ஏ.எஃப்.கேட் வழியாகப் பறக்கப் போகிறவர்களுக்கு 14 ஆண்டுக் குறுகிய காலப் பணி, ஓய்வூதியம் கிடையாது. அதன்பின் பயணிகள் விமான நிறுவனங்களுக்குப் போகிறவர்கள் பலர். குறையென்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் சேரும் முன்பே குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விமானத்தில் ஏறும் எல்லோரும் விமானிகள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுகோய்-30-இன் பின்னிருக்கையில் ஆயுத அமைப்புகளை இயக்கும் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். அரக்கோணத்திலிருந்து கிளம்பும் பி-8ஐ விமானத்தில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது கடற்படையின் அப்சர்வர் என்ற அதிகாரிகள். பெரிய சரக்கு விமானங்களில் எடையைச் சமன்படுத்தி ஏற்றும் லோட்மாஸ்டர், ஃப்ளைட் இன்ஜினீயர் என்று அதிகாரி அல்லாத வான்வீரர்களுக்கும் பறக்கும் பணிகள் உண்டு. முன்னிருக்கை கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்கத் தேவையில்லை.

ஒழுகும் காது

எழுத்துத் தேர்வைப் பற்றி ஊரில் யாராவது ஒருவராவது சொல்லக்கூடும். உடம்பைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. எழுத்திலும் நேர்முகத்திலும் தேறிய பிள்ளைகள் மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வருவது சகஜம். அப்படித் தடுக்கும் குறைகளுள் சில, பத்து வயதில் ஒருவர் கவனித்திருந்தால் தடுத்திருக்கக் கூடியவை.

காதை எடுத்துக்கொள்வோம். கிணற்றிலும் ஏரியிலும் குதித்துக் குளிக்கும் பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிவது நம் ஊர்களில் பெரிய விஷயமே இல்லை. எண்ணெய் காய்ச்சி ஊற்றுவோம், கோழி இறகை விட்டுக் குடைவோம், நாலு நாளில் நின்றுவிடும். திரும்பத் திரும்ப வந்தால் செவிப்பறையில் ஓட்டை விழுகிறது. நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு அந்த ஓட்டையால் பெரிய தொந்தரவு இருக்காது. விமானம் மேலே ஏறி இறங்கும்போது காற்றழுத்தம் மாறுவதைச் செவிப்பறையும் நடுக்காதும் தாங்க வேண்டும். ஓட்டை விழுந்த காதுக்கு ராணுவ வானில் இடமில்லை. பன்னிரண்டு வயதில் அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் காட்டியிருந்தால் சரியாகியிருக்கும் ஒன்று, இருபது வயதில் ஒரு வாழ்க்கையைத் தடுத்து நிறுத்துகிறது.

நிறக்குருடும் அப்படித்தான். ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிவதில்லை. பிறவியிலேயே வருவது, மாற்ற முடியாது. இஷிஹாரா புத்தகத்தின் புள்ளிகளுக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பள்ளிகளுக்கு மருத்துவக் குழுக்கள் வருகின்றன. கண்ணொளி காப்போம் திட்டம் 2009-இலிருந்து இருக்கிறது. அந்தப் பரிசோதனையோடு இதையும் ஒன்பதாம் வகுப்பில் செய்துவிட்டால், நான்கு வருடம் கனவு கண்டு கடைசி நாளில் உடைந்துபோகும் துயரம் நேராது. அந்தப் பிள்ளை வேறு பாதையை நேரத்தோடு தேடிக்கொள்ளும்.

உயரத்துக்குக் குறைந்தபட்சம் 162.5 சென்டிமீட்டர். உட்கார்ந்த உயரத்தையும் காலின் நீளத்தையும் தனியாக அளக்கிறார்கள். தொடை நீளம் 64 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆபத்தில் இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்படும்போது முழங்கால் முன்பலகையில் மோதிவிடக் கூடாது என்பதுதான் காரணம். இந்த அளவுகளில் யாரும் யாருக்கும் சலுகை காட்ட முடியாது. நம் பக்கத்துப் பெண்களில் 162.5 என்பது சாதாரண உயரம் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த உயரம் வாய்த்த பெண்ணுக்கும் இரத்தசோகை இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் தட்டிவிடும். பள்ளியில் தரும் இரும்புச் சத்து மாத்திரை குப்பைத் தொட்டிக்குப் போகிறதா, வயிற்றுக்குப் போகிறதா என்று ஆசிரியைகள் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

விமானிக்கான கணினித் திறன் தேர்வு ஒன்று இருக்கிறது. கையும் காலும் கண்ணும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்கின்றனவா என்று பார்ப்பது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். அதில் தேறாவிட்டால் ராணுவ விமானி ஆகும் பேச்சுக்கே இடமில்லை. உடல் களைத்து, மூன்று நாள் ரயிலில் தூங்காமல் போய் அந்த ஒரே வாய்ப்பை வீணாக்கியவர்கள் உண்டு. 1958-இல் டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்குப் போன அப்துல் கலாம், 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. அவர் எவ்வளவு உடைந்துபோனார் என்பது ‘அக்னிச் சிறகுகள்’ படித்த எல்லோருக்கும் தெரியும். 2006-இல் குடியரசுத் தலைவராக சுகோய்-30-இல் ஏறிப் பறந்தபோது அவருக்கு வயது 74. தேர்வில் விடுபட்டவர்களும் நாட்டின் வானத்துக்கு வேறு வழிகளில் பங்களித்திருக்கிறார்கள் என்று சொல்ல வேறு பெயரைத் தேட வேண்டியதில்லை.

கணக்கைத் தமிழில் கேட்டால் என்ன?

பாதுகாப்பு அகாடமித் தேர்வின் கணிதத் தாளும் பொது அறிவுப் பகுதியும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சாகின்றன. உத்தரப் பிரதேசத்தில் இந்தி வழியில் படித்த மாணவர் தன் தாய்மொழியில் முக்கோணவியல் கேள்வியைப் படிக்கிறார். எலவனாசூர்கோட்டை அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் அதே முக்கோணவியலைப் படித்த மாணவர் முதலில் மொழிபெயர்த்துக்கொண்டு பிறகு கணக்குப் போட வேண்டும். 120 கேள்விகள், இரண்டரை மணி நேரம். ஒரு கேள்விக்கு 75 விநாடி. இந்த ஓட்டத்தில் ஒருவர் செருப்போடும் ஒருவர் வெறுங்காலோடும் ஓடுகிறார்கள்.

ராணுவத்தில் ஆங்கிலம் தேவைதானே என்பார்கள். தேவைதான், நான் அதை மறுக்கவில்லை. காக்பிட்டில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவது ஆங்கிலத்தில். விமானத்தின் கையேடுகள் ஆங்கிலத்தில். அதைச் சோதிக்கத்தான் இதே தேர்வில் ஆங்கிலத்துக்கென்றே 200 மதிப்பெண் தனியாக வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தை ஆங்கிலப் பகுதியில் சோதித்துக்கொள்ளட்டும். கணக்கையும் இயற்பியலையும் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் கேட்கட்டும். இது நடக்காத காரியம் ஒன்றுமில்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024-இலிருந்து தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் நடக்கிறது. தமிழக அரசு வலியுறுத்திய பிறகு 2023-இல் உள்துறை அமைச்சகம் எடுத்த முடிவு அது. நீட் தேர்வுத் தாள் தமிழில் வருகிறது. சைனிக் பள்ளித் தேர்வு தமிழில் வருகிறது. காவலராகப் போகத் தமிழ் போதும், அதிகாரியாகப் போகப் போதாது என்பதை எந்த நியாயத்தில் ஏற்பது? நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும். கள்ளக்குறிச்சித் தொகுதியின் குரல் இதில் முதலில் எழுந்தால் பொருத்தமாக இருக்கும்.

அதே நேரம், மாற்றம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. நம் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மைசூரு. ஒரு படத்தைக் காட்டி நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். பதினைந்து விநாடிக்கு ஒரு சொல்லாக அறுபது சொற்களைக் காட்டி, மனத்தில் தோன்றும் வாக்கியத்தை எழுதச் சொல்வார்கள். பலகையும் கயிறும் கொடுத்துக் குழுவாகத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். பொறுப்பு எடுக்கத் தெரிந்த ஆளா, நெருக்கடியில் தளராத ஆளா என்பதைத்தான் பார்க்கிறார்கள். அப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்க, மாட்டையும் தம்பி தங்கையையும் மோட்டார் கொட்டகையையும் பார்த்துக்கொண்டு படிக்கும் பிள்ளைக்கு இதில் சொல்ல ஏராளம் இருக்கிறது. நகரத்துப் பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த பிள்ளையைவிட உண்மையான அனுபவம் இருக்கிறது. அதைத் தடுமாறாமல் ஆங்கிலத்தில் சொல்லும் பழக்கம்தான் இல்லை. தினம் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேச, தப்பாகப் பேசினால் யாரும் சிரிக்காத ஒரு வகுப்பறை இரண்டு வருடம் கிடைத்தால் அந்தப் பழக்கம் வந்துவிடும்.

அம்மாக்களின் கேள்வி

“மேல போற வேல, உசுருக்கு ஒண்ணுன்னா?” என்று அம்மாக்கள் கேட்பதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆபத்து உண்டு. ஆரம்பப் பயிற்சிக்கு இருந்த எச்.பி.டி.-32 விமானங்கள் 17 விபத்துகளில் 19 விமானிகளைப் பலி கொண்ட பிறகு, 2009-இல் தரையிறக்கப்பட்டன. மெதுவான கிரண் பயிற்சி விமானத்திலிருந்து நேரே மிக்-21-க்குத் தாவிய இளம் விமானிகள் பலர் உயிரிழந்தார்கள். இடையில் ஒரு மேம்பட்ட பயிற்சி விமானம் வேண்டும் என்று லா ஃபோன்டைன் குழு 1982-இல் சொன்னது; ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது 2004-இல். இடையில் கழிந்தவை 22 ஆண்டுகள். அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவை விமானிகளின் வீடுகள். இதை எழுதும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இன்றைய நிலை மேல். 2013 முதல் பிலாட்டஸ் விமானத்தில் ஆரம்பப் பயிற்சி. பிறகு போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். போர் விமானப் பிரிவுக்குப் போகிறவர்கள் பீதரில் ஹாக்கில் பழகிய பிறகே முன்னணி விமானங்களுக்குப் போகிறார்கள். 70 எச்.டி.டி.-40 பயிற்சி விமானங்களுக்கு 2023 மார்ச்சில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸோடு ஒப்பந்தம் போடப்பட்டது. மிக்-21 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றுவிட்டது. இருந்தாலும் 2023 டிசம்பரில் துண்டிகல்லிலிருந்து கிளம்பிய பிலாட்டஸ் விழுந்து பயிற்றுநரும் மாணவரும் இறந்தார்கள். அம்மாக்களிடம் இரண்டையும் சொல்ல வேண்டும். மறைத்துச் சேர்க்கும் பிள்ளை நிலைக்காது. உண்மை தெரிந்து அனுப்பும் அம்மா, பயிற்சியின் கடினமான மாதங்களில் பிள்ளைக்குப் பெரிய பலம்.

பெண் பிள்ளைகளுக்கு அகாடமியின் வாசல் திறந்தது உச்ச நீதிமன்றத்தின் 2021 ஆகஸ்ட் உத்தரவால். அப்படிச் சேர்ந்த முதல் பெண்கள் 2025 மே மாதம் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். ஆனால் அண்மை ஆண்டு அறிவிப்புகளைப் பார்த்தால், விமானப் படையின் பறக்கும் பிரிவுக்கான 92 இடங்களில் பெண்களுக்கு இரண்டு. 2016-லேயே மூன்று பெண்கள் போர் விமானிகளாகப் பதவியேற்ற நாட்டில் இரண்டு என்ற எண்ணுக்கு என்ன காரணம் என்று பாதுகாப்பு அமைச்சகம் விளக்க வேண்டும்.

மாவட்டத்தில் செய்யக்கூடியவை சிறியவை, செலவு குறைந்தவை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி 2025 நவம்பரோடு ஆறு ஆண்டுகள். 2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவுகளுக்காக இந்த ஊரின் பெயர் நாடு முழுவதும் பேசப்பட்டது. வேறு காரணத்துக்காகவும் பேசப்பட வேண்டும் என்று விரும்பாதவர் இங்கே யார்? மாநிலத்தின் மாதிரிப் பள்ளிகள் அரசுப் பள்ளி மாணவர்களை ஐ.ஐ.டி.க்கு அனுப்பிக் காட்டியிருக்கின்றன. அதே பள்ளிகளில் பாதுகாப்பு அகாடமிக்கென்று ஒரு சிறு குழுவை ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம். கணிதப் பாடத்திட்டம் ஏறக்குறைய நம் மேல்நிலைப் பாடத்திட்டமே. தனியாகப் புத்தகம்கூட வேண்டாம், வேகப் பயிற்சி போதும். ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழிகாட்டுதலில் இந்தத் தேர்வு தேதிகளும் வயது வரம்பும் ஒரு பக்கமாக இடம்பெறலாம். கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்குச் சைனிக் பள்ளித் தேர்வு பற்றி ஒரு நாள் பயிற்சி போதும். மாவட்டத்து முன்னாள் படைவீரர்களில் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்க முன்வருவோர் நிச்சயம் இருப்பார்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகக் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

விமானப் படைக்கு ‘திஷா’ என்ற பணி வழிகாட்டுப் பிரிவு இருக்கிறது. பறக்கும் பயிற்சிக் கருவியோடு பள்ளி கல்லூரிகளுக்கு வரும் ஒரு பேருந்தும் வைத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் பெருநகரங்களுக்குத்தான் போகிறது, கூப்பிட்டவர்களிடம் போகிறது. சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வந்து, சேலம் சாலையில் திரும்பினால் எலவனாசூர்கோட்டை. மாவட்ட ஆட்சியரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வரும் ஜூன் மாதத்துக்குள், பிளஸ் ஒன் சேர்க்கை முடிவதற்கு முன், டெல்லிக்குப் போக வேண்டும்.